பேரடைகளை வளர்ப்பது மோதலா, வாயு வரத்தா?

கனகராயன்கரை (இழையைத் தொடங்கியவர்)

விண்மீன் பேரடைகள் உருவான விதம் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே பாதையில் போகின்றன. பெருவெடிப்பு நடந்தது, சிறு பேரடைகள் தோன்றின, அவை ஒன்றோடொன்று மோதிப் பெருத்தன, இனி நமது பால்வீதியும் அந்திரொமேடாவும் மோதப்போகின்றன. மோதல் படங்கள் கண்ணைப் பறிப்பதால் கதை முழுவதும் மோதலாகவே ஆகிவிட்டது. என் வாதம் வேறு. ஒரு பேரடைக்குள் எவ்வளவு குளிர்ந்த வாயு வருகிறது, எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்கிற வரவு செலவுதான் அதன் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. கிளிநொச்சியில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் மோதலைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். அதனால்தான் இந்த இழை.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகள். அது பிறந்து 3,80,000 ஆண்டுகள் ஆனபோது வெளிப்பட்ட ஒளி இன்று நுண்ணலைகளாக வானமெங்கும் பரவியிருக்கிறது. அந்த ஒளியில் இடத்துக்கு இடம் வெப்பநிலை ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே வேறுபடுகிறது. 1992 இல் கோபே செயற்கைக்கோள் இதைக் காட்டியது. இன்றுள்ள அத்தனை பேரடைகளுக்கும் வித்து அந்தச் சின்னஞ்சிறு ஏற்றத்தாழ்வுதான். சற்றே அடர்த்தி கூடிய இடங்களில் முதலில் கரும்பொருள் திரண்டது. அது சாதாரணப் பொருளைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. ஒளியை உமிழ்வதுமில்லை, மறைப்பதுமில்லை. அதன் ஈர்ப்புக்குள் ஐதரசனும் ஈலியமும் விழுந்தன. விழுந்த வாயு சூடேறியது.

பலரும் தாண்டிப்போகிற படி இதற்குப் பிறகுதான் வருகிறது. சூடான வாயு விண்மீனாக மாறாது. அது ஒளியை வெளியிட்டுத் தன் வெப்பத்தை இழந்தாக வேண்டும். இழந்தால்தான் மையத்தை நோக்கி இறங்கும். கொண்டுவந்த சுழற்சி முற்றாகக் கீழே விழ விடாததால் தட்டாகப் பரவும். கரும்பொருளால் அவ்வாறு வெப்பத்தை வெளியேற்ற முடியாது. ஆகவே அது பெரிய உருண்டையாக வெளியிலேயே நின்றுவிட, உள்ளே மெல்லிய தட்டாக வாயு அமைகிறது. நாம் பார்க்கிற சுருள் பேரடை, குளிர முடிந்த பொருளின் வடிவம்.

மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

வவுனியா வாசகன்

கனகராயன்கரை அண்ணா, வருகிறேன்.

மோதலை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1972 இல் அலர் தூம்ரே, யூரி தூம்ரே என்ற சகோதரர்கள் அக்காலக் கணினியில் இரு பேரடைகளை ஒன்றையொன்று கடக்க விட்டுப் பார்த்தார்கள். அதுவரை விளங்காமலிருந்த நீண்ட வால்களும் பாலங்களும் ஈர்ப்பினால் மட்டுமே தோன்றின. 1994 இல் நமது பால்வீதிக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கிற தனுசுக் குறும்பேரடையைக் கண்டுபிடித்தார்கள். கையா விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு 2018 இல் இன்னும் பெரிய செய்தி வந்தது. ஏறக்குறைய 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பால்வீதி ஒரு பெரிய பேரடையை விழுங்கியிருக்கிறது. அந்தப் பேரடையின் விண்மீன்கள் இன்றும் நம்மைக் கடந்து நீளமான ஒடுங்கிய பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் இரசாயனக் கலவையும் வேறு. ஒரு விண்மீனின் ஓட்டத்தைப் பார்த்து அது எங்கே பிறந்தது என்று சொல்ல முடிகிற காலம் இது. மோதல் இல்லாத பால்வீதி வரலாறு இல்லை.

நெடுங்கேணி நிலா

வணக்கம். நான் இந்த ஆண்டு உயர்தரம் எழுதுகிறேன். ஒரு சந்தேகம்.

விண்மீன்களுக்கு இடையில் இவ்வளவு வெற்றிடம் இருப்பதால் இரு பேரடைகள் மோதும்போது விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டுவதில்லை என்று படித்தேன். முட்டாவிட்டால் அவை ஒன்றையொன்று ஊடுருவி மறுபக்கம் போய்விட வேண்டும் அல்லவா? சக்தி காக்கப்படுகிறது. உள்ளே விழும்போது பெற்ற வேகத்திலேயே வெளியேறலாம். எது அவற்றை நிறுத்தி ஒன்றாக்குகிறது?

கனகராயன்கரை

தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வாசகனே பதில் சொல்லட்டும். அவருடைய வாதத்தின் உயிர் அதில் இருக்கிறது.

வவுனியா வாசகன்

சொல்கிறேன் தங்கச்சி. இதற்கு விடை தந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். வெண்குறு விண்மீன்களின் நிறை எல்லைக்காக அவரை எல்லோருக்கும் தெரியும். 1943 இல் அவர் வெளியிட்ட இன்னொரு வேலையைப் பற்றித் தமிழில் யாரும் பேசுவதில்லை. அதன் பெயர் இயங்கு உராய்வு.

ஒரு சிறு பேரடை பெரிய பேரடையின் விண்மீன்களுக்கும் கரும்பொருளுக்கும் ஊடாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியிலுள்ளவற்றைத் தன் ஈர்ப்பால் இழுக்கிறது. அவை அசைந்து வந்து சேர்வதற்குள் அது முன்னே போய்விடுகிறது. ஆகவே அதன் பின்னால் சற்று அடர்த்தி கூடிய ஒரு தடம் உண்டாகிறது. அந்தத் தடம் அதைப் பின்னோக்கி இழுக்கிறது. எதுவும் எதனோடும் முட்டவில்லை. ஆனாலும் வேகம் குறைகிறது. நீங்கள் சொன்னபடி சக்தி காக்கப்படுகிறது. ஆனால் ஒரே திசையில் இருந்த இயக்கம் கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒழுங்கற்ற இயக்கங்களாகப் பங்கிடப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பாதை சுருங்குகிறது, கடைசியில் அது உள்ளே அமிழ்கிறது. போகிற பேரடையின் நிறை கூடினால் இழுப்பும் கூடும். அதனால் பெரியவை விரைவில் அமிழும், மிகச் சிறியவை நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருக்கும்.

நெடுங்கேணி நிலா

விளங்கியது அண்ணா, மிக்க நன்றி. எங்கள் பாடவிதானத்தில் உராய்வு என்றால் இரு மேற்பரப்புகள் தொட வேண்டும் என்றே இருக்கிறது. தொடாமலே உராய்வு என்பது புதிது.

மாங்குளத்தான்

படித்துக்கொண்டு வருகிறேன். நான் விவசாயி, விஞ்ஞானம் படித்தவன் அல்ல. எங்களுக்குக் குளம்தான் கணக்கு. காலபோகத்துக்கு முன்னர் மழை வரத்து எவ்வளவு, துருசால் எவ்வளவு திறந்தோம், வான் பாய்ந்தால் எவ்வளவு போயிற்று என்று பார்ப்போம். ஆசிரியர் சொல்கிற வாயுக் கணக்கும் அதே போலத் தெரிகிறது. அப்படியானால் கேட்கிறேன்: விண்மீன்கள் உண்டாக உண்டாக வாயு தீர்ந்துபோகாதா? நமது பால்வீதியில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

கனகராயன்கரை

ஐயா, நீங்கள் சொன்ன குளக் கணக்கையே ஆய்வாளர்கள் சமன்பாடாக எழுதிவைத்திருக்கிறார்கள். வரத்து, விண்மீனாக மாறுகிற அளவு, வெளியே வீசப்படுகிற அளவு ஆகிய மூன்றையும் வைத்து ஒரு பேரடையின் வளர்ச்சியை வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகக் கணித்துவிடலாம். வாசகனுக்கான மறுமொழியையும் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன், பதிவு நீளும்.

பால்வீதியில் இன்று ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சூரிய நிறை அளவு வாயு விண்மீனாகிறது. கையிருப்பில் உள்ள குளிர்ந்த வாயு இந்த வேகத்துக்குச் சில நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. ஆனால் பால்வீதி 1000 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக விண்மீன்களை ஈன்றுகொண்டிருக்கிறது. கடந்த காலத்தில் இதைவிட வேகமாகவும் ஈன்றிருக்கிறது. வரத்து இல்லாத குளத்தில் இவ்வளவு போகம் செய்திருக்க முடியாது. வெளியிலிருந்து வாயு தொடர்ந்து வந்தே ஆகவேண்டும்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. பெருவெடிப்பில் ஐதரசன், ஈலியம், துளியளவு இலிதியம் ஆகியவைதாம் உண்டாயின. ஒட்சிசன், இரும்பு போன்றவை விண்மீன்களுக்குள்ளும் அவற்றின் வெடிப்புகளிலும் சமைக்கப்பட்டு வாயுவில் கலப்பவை. பால்வீதி ஆரம்பத்திலேயே எல்லா வாயுவையும் வைத்திருந்தது என்றால், முதல் தலைமுறைகளில் உலோகம் (வானியலில் ஈலியத்தைவிடப் பாரமான எல்லா மூலகங்களுக்கும் இதுவே பெயர்) மிகக் குறைந்த விண்மீன்கள் ஏராளமாகப் பிறந்திருக்கும். அவற்றில் சூரியனைப் போன்ற சிறியவை நீண்ட ஆயுள் கொண்டவை. இன்றும் நம் அயலில் இருக்க வேண்டும். 1960 களில் எண்ணிப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததில் மிகச் சிறு பகுதியே இருந்தது. சிறிதாகத் தொடங்கி, புதிய வாயு கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது என்று கொண்டால் கணக்குச் சரியாகிறது. நம் பக்கத்து விண்மீன்களின் இரும்பளவே வரத்துக்குச் சாட்சி.

அந்த வரத்தைக் கண்ணாலும் காட்டலாம், வானொலித் தொலைநோக்கியின் கண்ணால். 1963 இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்த கெயில் ஸ்மித் ஒரு ஐதரசன் முகிலைக் கண்டுபிடித்தார். ஸ்மித் முகில் என்றே அதற்குப் பெயர். சூரியனைப் போல பத்து இலட்சம் மடங்குக்கும் மேல் நிறையுள்ள வாயு, ஒரு விண்மீன்கூட இல்லாமல், பால்வீதித் தட்டை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளில் தட்டில் வந்து விழும். 2016 இல் ஹபிள் தொலைநோக்கியால் அதில் கந்தகத்தின் அளவைப் பார்த்தார்கள். பால்வீதியின் வெளிப்புறத் தட்டில் இருக்கிற அளவுக்கு இருந்தது. புதிய வாயுவில் அவ்வளவு கந்தகம் இராது. இங்கிருந்து எப்போதோ வெளியேறிய வாயு திரும்பி வருகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். வரத்தில் புதியதும் உண்டு, திரும்பியதும் உண்டு.

வெளியே போகிற கணக்கைக் காண மெசியர் 82 பேரடையைப் பாருங்கள். ஏறக்குறைய 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நடுவில் விண்மீன் உருவாக்கம் மூர்க்கமாக நடக்கிறது. அங்கே வெடிக்கிற விண்மீன்கள் வாயுவைத் தட்டுக்கு மேலும் கீழும் பீய்ச்சி அடிக்கின்றன. படத்தில் சிவப்பு நிறக் கீற்றுகளாகத் தெரியும். சிறிய பேரடைகளின் ஈர்ப்பு வலுவற்றது, அவற்றால் இப்படிப் போவதைத் தடுக்க முடியாது. குறும்பேரடைகளில் விண்மீன்கள் மிகக் குறைவாக இருப்பதற்கு இது முதன்மையான காரணம்.

இனி வாசகனுக்கு. நீங்கள் சொன்ன 1000 கோடி ஆண்டுக்கு முந்திய மோதல் உண்மை. ஆனால் அப்படி விழுங்கப்பட்டவற்றின் விண்மீன்கள் பெரும்பாலும் இருக்கிற இடம் பால்வீதியைச் சூழ்ந்துள்ள ஒளிவட்டம்; அதன் விண்மீன்கள் அத்தனையையும் சேர்த்தாலும் நம் பேரடையின் விண்மீன் நிறையில் நூற்றுக்குச் சில பங்குதான் வரும். மீதி எல்லாம் இங்கேயே, வந்து விழுந்த வாயுவில் பிறந்தவை. பிரபஞ்சம் மிக அதிகமாக விண்மீன்களை ஈன்ற காலம் ஏறக்குறைய 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைய வேகம் அதில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் காலத்துப் பேரடைகளை அளந்தபோது, மோதல் தூண்டியதாகக் கருதப்படுகிற, வழமைக்கு மிஞ்சித் திடீரென விண்மீன்களை ஈன்றவற்றின் பங்கு மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்றே என்று தெரிந்தது. மற்றவை அமைதியாகச் சுழன்ற, வாயு நிறைந்த தட்டுகள். அவற்றில் வாயுவின் நிறை விண்மீன்களின் நிறைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. இன்று அது மிகக் குறைந்துவிட்டது. வேகம் குறைந்ததற்குக் காரணம் வரத்துக் குறைந்தது.

மாங்குளத்தான்

போனது திரும்பி வருகிறது என்ற பகுதி மனதில் நிற்கிறது. நன்றி ஆசிரியரே.

மடுக்காடு

எல்லாம் சரி. ஆனால் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெருவெடிப்பே நடக்கவில்லை என்று நிரூபித்துவிட்டதாக ஒரு காணொளி பார்த்தேன். மிகப் பழைய காலத்திலேயே வளர்ந்த பேரடைகள் இருக்கின்றனவாம். நீங்கள் பெருவெடிப்பை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறீர்கள்.

கனகராயன்கரை

அந்தக் காணொளியைப் போன்றவை பல சுற்றுகின்றன. பிள்ளைகள் அதை நம்பிக்கொண்டு வகுப்புக்கு வருவது எனக்குக் கவலை தருகிறது.

வெப் உண்மையில் கண்டது இதுதான். அதன் ஜேட்ஸ் என்ற ஆய்வுத் திட்டத்தில் 2024 இல் அறிவிக்கப்பட்ட ஒரு பேரடை, பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தைச் சேர்ந்தது. எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருந்தது. 2025 இல் சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கிகள் அதில் ஒட்சிசனைக் கண்டன. அதாவது அதற்கு முன்னரே ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து வெடித்து முடிந்திருக்கின்றன. ஆச்சரியம்தான். ஆனால் ஆச்சரியம் எதில்? பேரடைகள் எவ்வளவு விரைவில் வாயுவை விண்மீனாக மாற்றின என்பதில். பிரபஞ்சம் விரிகிறதா, அதற்குத் தொடக்கம் உண்டா என்பதில் அல்ல. அந்தக் காலத்தில் வாயு மிக அடர்த்தியாக இருந்தது, விண்மீன் உருவாக்கம் திடீர் திடீரென வெடித்துக் கிளம்பியது, ஒளியை மறைக்கிற தூசி குறைவு என்று பல விளக்கங்கள் இன்று மோதிக்கொண்டிருக்கின்றன. எது வெல்லும் என்பது அளவீட்டில் தெரியவரும். அத்தோடு ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பேரடைகள் இன்றைய பேரடைகளைப் போல இல்லை. மிகச் சிறியவை, கட்டமைப்பு இறுகியவை, உலோகம் குறைந்தவை. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்றால் தூரத்தில் இருப்பவையும் பக்கத்தில் இருப்பவையும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும்.

வவுனியா வாசகன்

மடுக்காட்டுக்கான பதிலை முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால் பழைய வழக்கை விடப்போவதில்லை. பால்வீதிக்கு உங்கள் கணக்குப் பொருந்தும். பெரும் நீள்வட்டப் பேரடைகளை எப்படி விளக்குவீர்கள்? அவற்றில் தட்டு இல்லை, விண்மீன்கள் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. தட்டுகள் மோதிக் கலையாமல் அந்த வடிவம் வராது. அவற்றின் விண்மீன்களில் பெரும்பகுதி விழுங்கப்பட்ட பேரடைகளிலிருந்து வந்தவை.

கனகராயன்கரை

வடிவத்துக்கு மோதல் காரணம் என்பதில் நமக்குள் வழக்கே இல்லை. என் கேள்வி, அவை ஏன் புதிய விண்மீன்களை ஈனாமல் நிற்கின்றன என்பது. பேர்சியஸ் பேரடைத் திரளின் நடுவிலிருக்கிற பெரும் பேரடையைச் சுற்றி அளவிட முடியாத வாயு இருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் கொதிக்கிறது. அது குளிர்ந்து இறங்க வேண்டும், பெரும்பகுதி இறங்குவதில்லை. சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 2003 இல் காரணத்தைக் காட்டியது. மையக் கருந்துளையிலிருந்து கிளம்பும் தாரைகள் வாயுவில் பெரும் குமிழ்களை ஊதுகின்றன, அழுத்த அலைகள் வட்டம் வட்டமாகப் பரவுகின்றன. கருந்துளை வாயுவைக் குளிர விடுவதில்லை. மோதல் முடிந்து பல நூறு கோடி ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தப் பேரடையின் வாழ்வை நிர்ணயிப்பது வாயுதான்.

புதுக்குடியிருப்பு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அந்திரொமேடா நம்மோடு மோதுமா, மோதாதா? அதை யாரும் சொல்லவில்லை.

வவுனியா வாசகன்

25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, விநாடிக்கு ஏறக்குறைய 110 கிலோமீற்றர் வேகத்தில் நெருங்குகிறது. 2012 இல் 400 கோடி ஆண்டுகளில் மோதல் உறுதி என்றார்கள். 2025 இல் ஹபிள், கையா அளவீடுகளைச் சேர்த்து மீண்டும் கணித்தபோது, அடுத்த 1000 கோடி ஆண்டுகளுக்குள் இரண்டும் இணைவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று வந்தது. நிச்சயம் என்று எழுதுகிற பழைய கட்டுரைகளை இனிப் பகிர வேண்டாம். கணக்கை மாற்றியவற்றில் ஒன்று பெரிய மகெல்லன் முகில். நம்மைச் சுற்றியுள்ள சிறிய பேரடை; 1,60,000 ஒளியாண்டு தொலைவு. அதன் இழுப்பு பால்வீதியைச் சற்று விலக்குகிறது. அந்திரொமேடாவுக்கு முன்னர் அதுவே நம்மோடு இணைந்துவிடும் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

நெடுங்கேணி நிலா

மகெல்லன் முகிலை இங்கிருந்து பார்க்க முடியுமா? தெற்கு நாடுகளில்தான் தெரியும் என்று படித்தேன்.

கனகராயன்கரை

முடியும். வன்னி அகலக்கோடு 9 பாகையைச் சற்றுத் தாண்டியது. பெரிய மகெல்லன் முகில் உச்சிக்கு வரும்போது தெற்கு அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 11 பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி மூடிய முட்டியின் அகலத்தைவிடச் சற்று அதிகம். காட்டுக்குள் நின்றால் மரம் மறைத்துவிடும். இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் தெற்கே தண்ணீர்ப் பரப்புத்தான், அடிவானம் திறந்திருக்கும். தை மாதத்தில், மழை ஓய்ந்து நிலவில்லாத நாளில், இரவு எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் தேடுங்கள். அடிவானத்தில் மூட்டம் இருந்தால் தெரியாது, மறுநாள் பாருங்கள். அதே நாள் ஏழு மணிக்கு வடமேற்கே பார்த்தால் அந்திரொமேடா மங்கலான நீள்பொட்டாகத் தெரியும். ஒரே இரவில் நம் பேரடைக்கு வெளியே உள்ள இரு பேரடைகள்.

மகெல்லன் முகில்கள் இரண்டும் நம் இருவரின் வழக்கையும் ஒன்றாகச் சுமக்கின்றன. அவை நெருங்கி வருவதோடு, அவற்றிலிருந்து உரித்தெடுக்கப்பட்ட ஐதரசன் வானத்தில் 100 பாகைக்கும் மேல் நீண்ட பட்டையாகப் பால்வீதியைச் சூழ்ந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, வானொலி அலைகளில் தெரியும். அதில் ஒரு பகுதியாவது நம் தட்டுக்கு வந்து சேரும்.

வவுனியா வாசகன்

அதாவது மோதல் கொண்டுவருகிற வாயு. அந்தக் கணக்கை என் பக்கம் எழுதிக்கொள்கிறேன் அண்ணா.

கனகராயன்கரை

எழுதிக்கொள்ளுங்கள். தையில் வரும்போது இருவிழித் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், 7 மடங்கு உருப்பெருக்கம் போதும். கைபேசி வெளிச்சத்தை அணைத்து இருபது நிமிடமாவது கண் பழகவேண்டும். யானை நடமாட்டம் உள்ள பகுதி. யாரும் தனியாகப் புறப்பட வேண்டாம். நிலா, நீங்கள் வீட்டாரோடு வாருங்கள்.

மாங்குளத்தான்

அந்த நேரம் நெல் கதிரில் இருக்கும், காவலுக்கு ஆள் வைத்துவிட்டு நானும் வருகிறேன். உழவு இயந்திரப் பெட்டியில் எட்டுப் பேரை ஏற்றலாம். மாங்குளம் சந்தியில் நிற்பவர்கள் இங்கேயே எழுதுங்கள்.